‘ச்சீ’ என்று கூப்பிட்டவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் இறங்காது. எங்கள் லைனில் நாற்பத்திரண்டு பெண்கள் தைக்கிறோம். யாரிடம் கேட்டாலும் “லூர்துமேரி அக்காவா? ஐயோ சாமி!” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, வந்த முதல் நாளே அந்தப் பெண் “ச்சீ, ஓய்!” என்று கூப்பிட்டாள். மிஷினை விட்டு எழுந்து ஒரு அறை விடாமல் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

எங்களுடையது திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் ஷூ கம்பெனி. விழுப்புரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் லைனின் வேலை. போன வருஷம் ஒரு புது மாடலுக்காகப் புது மிஷின்கள் இறக்கினார்கள். அதில் தைக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு, வியட்நாமில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு கம்பெனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பினார்கள். இருபத்தாறு வயசு. என் தோள் உயரம்தான் இருப்பாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் என், ஜி, ஏ என்று மூன்றே எழுத்து. அதை எப்படி வாயில் நுழைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எச்.ஆர். மேடத்திலிருந்து கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் அவள் ‘என்ஜிஏ மேடம்’ ஆனாள்.

அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆபீஸில் இருப்பவர்களோடு உடைந்த இங்கிலீஷில் பேசுவாள், எங்களோடு கையால் பேசுவாள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஊசி ஒடியாமல் வளைவில் திருப்புவதை அவள் விரலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் கூப்பிடுவதுதான் வயிற்றெரிச்சல். என்னை ‘ச்சீ, ஓய்’. பக்கத்து மிஷினில் இருக்கும் வேணியை ‘ச்சீ, ஓய்’. பின்வரிசை பூமாலையையும் அப்படித்தான். அஸ்வினி மாதிரி இருபது வயசுப் பெண்களை மட்டும் ‘எம், ஓய்’ என்பாள். எம் என்றால் மேடத்தின் சுருக்கமாக இருக்கும் என்று நாங்களே முடிவுகட்டினோம். சின்னப் பெண்களுக்கு மேடம், பெரியவர்களுக்கு ச்சீ! இதில் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல், சூப்பர்வைசர் ஜெகதீசனை அவள் ‘ச்சூ, ஓய்’ என்று நாயை விரட்டுவதுபோல விரட்டியதுதான். அதை மட்டும் நாங்கள் ரசித்துக் கேட்டோம்.

மூன்றாவது வாரத்தில் வேணி சொன்னாள், “வுடுக்கா. ஒரு வார்த்தைதான, காத்துல போறது. அதுக்குப் போய் மனசப் பேஜாரு பண்ணிக்கினு.”

“உங்க வூட்ல அந்த வார்த்தையச் சொன்னவங்க. எங்க வூட்ல கேட்டவங்க. உனக்குக் காத்துல போவும். எனக்குப் போவாது” என்றேன்.

வேணி முகம் சுண்டிப்போனது. அவள் நல்லவள். அவளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பொய் சொல்லவில்லை. பனமலைப் பக்கம் எங்கள் ஊர். என் அம்மா பெயர் சவரியம்மாள். கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போன நிலங்களில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “ச்சீ, ஓரமாப் போ.” “ச்சீ, தொட்டுத் தொலைக்காத.” ஏழெட்டு வயசில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டவை இவை. பிளஸ்டூ படித்து, தையல் கற்று, சம்பளத்துக்கு வந்து, யாரும் என்னை அப்படிக் கூப்பிட முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதற்காக ஒருத்தி விமானம் ஏறி வந்திருக்கிறாள்!

ஐந்தாவது வாரம் நடந்ததுதான் உச்சம். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திறந்ததும் அவள் எங்கள் மேஜைப் பக்கம் வந்தாள். என் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். “ச்சீ ஆன் கம் சுவா?” என்றாள். மற்றது புரியவில்லை, முதல் வார்த்தை புரிந்தது. சோற்றைப் பார்த்து ஒருத்தி அதைச் சொன்ன பிறகு அந்தச் சோறு எப்படி இறங்கும்? டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன்.

அன்று மதியமே வெள்ளைத்தாளில் புகார் எழுதினேன். ‘எங்களைக் கேவலமான வார்த்தையால் அழைக்கிறார், நாங்கள் சாப்பிடும் உணவையும் இழிவாகப் பேசினார்.’ முதல் கையெழுத்து வேணி போட்டாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு கையெழுத்தும் சேர்ந்துவிட்டன.

எச்.ஆர். மேடம் கலைப்பிரியா சின்னப் பெண்தான், ஆனால் விவரமானவர். காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“இது பெரிய விஷயம்க்கா. வெள்ளிக்கிழமை விசாரணை வெப்போம். உண்மைன்னு தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அங்கயும் அவங்களுக்கு வேலை இருக்காது. அதுவரைக்கும் அவங்க லைன் பக்கம் வர மாட்டாங்க. ஆனா ஒண்ணு, அவங்க பாஷையில என்ன வார்த்தை சொன்னாங்க, அதுக்கு இன்னா அர்த்தம்னு தெளிவா எழுதிக் குடுங்க. இல்லன்னா அப்படி நான் சொல்லவேயில்லன்னு போய்க்கினே இருப்பாங்க.”

சரி, வேலை வேண்டாமா உனக்கு, உன் பாஷையிலேயே உன்னைப் பிடிக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். நான் வியட்நாம் பாஷை படிக்க ஆரம்பித்தது இந்த லட்சணத்தில்தான். அறிவை வளர்க்கவும் இல்லை, வெளிநாடு போகவும் இல்லை. ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்க.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு செல்போனில் தேடினேன். இங்கிலீஷ் எனக்குப் பேச வராது, படித்தால் புரியும். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வியட்நாம் டீச்சரம்மா ஒருத்தி கிடைத்தாள். முதல் பாடத்திலேயே கெட்ட வார்த்தை இருக்காது, பத்தாவது பாடத்துக்கு மேல்தான் இருக்கும், ஆனாலும் ஒழுங்காக முதலிலிருந்து போவோம் என்று அழுத்தினேன்.

“இன்னாக்கா, பரீட்சை எழுதப் போறியா?” என்று வேணி சிரித்தாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியது. டீச்சரம்மா சொன்னாள்: எங்கள் பாஷையில் ‘நான்’, ‘நீ’ என்று சும்மா பேசிவிட முடியாது. எதிரில் இருப்பவர் உங்களைவிடப் பெரியவரா சின்னவரா என்று முதலில் பார்க்க வேண்டும். சொந்தமே இல்லாவிட்டாலும் அக்கா, தங்கை, அண்ணன், சித்தப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். இதை ஏதோ அதிசயம்போல அவள் வெள்ளைக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இது ஒரு விஷயமா, எங்கள் ஊர் பஸ்ஸில் எல்லோரும் அப்படித்தானே என்று நினைத்தேன். அடுத்ததாகத் திரையில் ஒரு வார்த்தை வந்தது. டீச்சரம்மா வாயைத் திறந்து தெளிவாகச் சொன்னாள்.

“ச்சி.”

கீழே இங்கிலீஷில் அர்த்தம் போட்டிருந்தது. அக்கா.

மறுபடி ஓட்டினேன். ச்சி, அக்கா. மறுபடி. ச்சி, அக்கா. தூரத்தில் இருப்பவரை அன்பாகக் கூப்பிடும்போது கூடவே ‘ஓய்’ சேர்க்க வேண்டும் என்றாள் டீச்சரம்மா. எம் என்றால் தங்கை, தம்பி. ச்சூ என்றால் சித்தப்பா. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் எங்கள் லைன் முழுவதும் அந்தச் செல்போனுக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஜெகதீசன் சித்தப்பா உள்பட.

ஒயரைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது வருத்தம் அல்ல, கோபம்தான். அதெப்படி அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கலாம்? டீச்சரம்மாவே தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்? வேறு இரண்டு வீடியோவில் பார்த்தேன். எல்லோரும் பேசி வைத்ததுபோல அக்கா என்றே சொன்னார்கள்.

அன்று முழுக்க யாரிடமும் வாய் திறக்கவில்லை. ராத்திரி சமையலை முடித்துவிட்டு இரண்டாம் பாடம் கேட்டேன், மறுநாள் பஸ்ஸில் மூன்றாம் பாடம். அதில் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் வருகிறார். எப்படி இருக்கிறீர்கள் என்று எங்கள் ஊரில் அதிகம் கேட்க மாட்டோம், வேறொன்று கேட்போம், அதுதான் எங்கள் விசாரிப்பு என்றாள் டீச்சரம்மா.

“ஆன் கம் சுவா?”

சாப்பிட்டாச்சா.

அந்தப் பெண் என் டப்பாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்படியே கண்ணுக்குள் வந்தது. அக்கா, சாப்ட்டாச்சா? அதற்கு நான் டப்பாவை மூடி எழுந்து போயிருக்கிறேன். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள் என்று அஸ்வினி பிறகு சொல்லியிருந்தாள். ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத இடத்தில் ஐந்து வாரமாக அக்கா அக்கா என்று எங்கள் பின்னால் சுற்றியிருக்கிறாள். நாங்கள் அவளுக்கு ஒரு வாய் களி நீட்டியதில்லை. பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். வேணி பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள். அவளிடம் சொன்னேன்.

“நெசமாவா?” என்றாள் வேணி. பிறகு பக்கத்து சீட்டுக்குக் கேட்காமல், “இப்ப வாபஸ் வாங்குனா பொய்ப் புகார்னு உன் மேலதான் திருப்புவாங்க. வேலைக்கே ஒல வெச்சாலும் வெச்சிடுவாங்க. பேசாம இருந்துடேன்க்கா. உனக்குத் தெரிஞ்சது எனக்கும் உனக்கும்தான தெரியும்.”

இந்த யோசனை எனக்கும் வந்திருந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இருபது வருஷமாகத் தைத்துச் சம்பாதித்த வேலை. ஒன்றும் தெரியாததுபோல வெள்ளிக்கிழமையைக் கடத்தினால் ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விடுவாள். ஆனால் அதன்பிறகு யாராவது என்னைச் சாப்ட்டாச்சா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். செல்போனைச் சத்தமாக வைத்து டீச்சரம்மாவையும் பேச விட்டேன். முதலில் சிரிப்பு கிளம்பியது. சித்தப்பா என்றதும் ஜெகதீசன் காதுவரை சிவந்துபோய் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பூமாலை மட்டும் சிரிக்கவில்லை.

“அர்த்தம் அதுவாவே இருக்கட்டும் லூர்து. அஞ்சு வாரம் நம்ம வவுறு எரிஞ்சது பொய்யா?” என்று கேட்டாள்.

“பொய் இல்ல. ஆனா அத எரிய வெச்சது அந்தப் பொண்ணு இல்ல. அவங்க வேற ஆளுங்க. அவங்க பேர்ல குடுக்க வேண்டிய புகார இவ பேர்ல குடுத்துட்டேன்” என்றேன்.

பூமாலை தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று இரவு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவளைவிட நான் பெரியவள் என்பதால் ‘நான்’ என்ற இடத்தில் ‘அக்கா’ என்றுதான் சொல்ல வேண்டும். அதாவது என் வாயால், என்னை நானே ‘ச்சி’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ‘தோய்’ என்று ஒரு ‘நான்’. முன்பின் தெரியாதவர்களிடம் பேசும்போது பயன்படுத்துவது என்று போட்டிருந்தது. மூன்று நாள் முன்பு கிடைத்திருந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது அவளை முன்பின் தெரியாதவளாக்க மனசு வரவில்லை.

குளியலறையில் நின்று சொல்லிப் பழகினேன். முதல் தரம் நாக்கு வரவில்லை. இரண்டாம் தரம் அம்மா ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டேன். பத்துப் பதினைந்து தரம் சொன்ன பிறகு அது வெறும் சத்தமாக வந்தது. அவள் பெயரையும் பழகினேன். டீச்சரம்மாவின் வெள்ளைக்கார மாணவர்கள் அந்த மாதிரிப் பெயரைச் சொல்ல முடியாமல் திண்டாடினார்கள். எனக்கு அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது. நம்முடைய ‘ங’ தான். ஒன்றாம் வகுப்பில் அதில் ஆரம்பிக்கும் ஒரு பெயரும் கிடைக்காமல் டீச்சர் தாண்டிப்போன எழுத்து. அவள் பெயர் ஙா.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். கலைப்பிரியா மேடம், பெரிய மேனேஜர், நான், சாட்சிக்கு வேணி. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள். ஐந்து நாளில் பாதியாகியிருந்தாள். கண் வீங்கியிருந்தது. புகார் என்று சொல்லியிருக்கிறார்கள், என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை. யாரையும் பார்க்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அந்த வார்த்தைய எழுதிக்கினு வந்தீங்களா?” என்று கேட்டார் கலைப்பிரியா மேடம்.

“வந்துருக்கேன் மேடம். ஆனா நான் சொல்லித்தான் காட்டணும்” என்றேன். எழுந்தேன்.

“ஙா” என்று கூப்பிட்டேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். இந்தக் கம்பெனிக்குள் வந்த நாளிலிருந்து அவள் பெயரை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. என் அம்மாவுக்கு நடந்ததை நானும் ஒருத்திக்குச் செய்திருக்கிறேன் என்பது அவள் நிமிர்ந்த வேகத்தில்தான் எனக்கு உறைத்தது.

“ஙா, எம் ஓய்” என்றேன். “ச்சி ஸின் லோய் எம்.”

தங்கச்சி, அக்கா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

“அதே வார்த்தைதான? அதையே ஏன் திரும்பச் சொல்றீங்க?” என்று கலைப்பிரியா மேடம் குழம்பினார். அதற்குள் ஙா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே மடமடவென்று பேசினாள். மூன்று பாடம் படித்தவளுக்கு அதில் என்ன புரியும்? ஒரு நூறு வார்த்தை பேசியிருப்பாள், எனக்குப் புரிந்தது ‘ச்சி’ மட்டும்தான். நடுநடுவே அது வந்துகொண்டே இருந்தது. வேணிதான் மேடத்துக்கும் மேனேஜருக்கும் விஷயத்தை விளக்கினாள், அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மேனேஜர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பாஷை புரியாமல் கொடுத்த புகார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். இனிமேல் விசாரிக்காமல் புகார் கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். வேலை தப்பித்தது. அவளும் தப்பித்தாள். திங்கட்கிழமையிலிருந்து லைனுக்கு வருவாள் என்றார் கலைப்பிரியா மேடம்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை ஙா வந்தாள். வரிசையாக எல்லோருக்கும் வணக்கம் வைத்தாள். என் மிஷினுக்கு வந்ததும் நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாயில் வைத்து, “லூர்-து அக்-கா” என்றாள். லைனே கைதட்டியது. ‘ச்சீ’ என்ற வார்த்தைக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று கலைப்பிரியா மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். இரண்டு நாள் உட்கார்ந்து எங்கள் பெயரையெல்லாம் எழுதி வைத்துப் படித்திருக்கிறாள். வேணி அக்கா, பூமாலை அக்கா. ஜெகதீசன் இப்போது வெறும் சார். சித்தப்பா பதவி போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் இருந்திருக்க வேண்டும். மதியம் மேஜைப் பக்கம் வந்து, “அக்கா, சாப்டாச்சா?” என்று தமிழிலேயே கேட்டாள். பூமாலை அவளுக்குக் களி எடுத்துவைத்தாள். எனக்கு மட்டும் அதில் ஏதோ குறைந்தது.

அக்கா என்று என்னை ஊரே கூப்பிடுகிறது. காய்கறிக்காரர் கூப்பிடுகிறார், கண்டக்டர் கூப்பிடுகிறார். ஆனால் அந்த இன்னொரு வார்த்தை அப்படியில்லை. நாற்பது வருஷமாக என் காதுக்குள் அது ஒரே குரலில், ஒரே அருவருப்பில் கிடந்தது. இவள் வந்துதான் அதை அங்கிருந்து எடுத்துத் துடைத்து அக்கா என்று கொடுத்தாள். வெறும் மூன்று பாடத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான், அதுபோதும் என்று இருந்தேன். இப்போது பார்த்தால் அந்த வார்த்தையைச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். இவள் நிறுத்திவிட்டால் அது மறுபடியும் அந்தப் பழைய ஆட்களுக்கே போய்விடும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம். அறுந்த நூலை மாட்டிக்கொண்டிருந்தேன். ஙா பின்னால் வந்து நின்றாள்.

“லூர்து அக்கா” என்றாள்.

நான் திரும்பவில்லை.

“லூர்து அக்கா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து அவள் எதிரில் நின்றேன். என் நெஞ்சில் கையை வைத்து, “அக்கா வேணாம். ச்சி” என்றேன்.

அவள் பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். “நோ, நோ. தமிழ், பேட்” என்றாள்.

“எவன் சொன்னான் பேட்னு? எனக்கு அது குட்” என்றேன். பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஙாவின் கையை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டு, “எம், சொல்லு” என்றேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, கண் நிறைந்துவிட்டது.

“ச்சி” என்றாள், காதோடு காதாக.

“ஓய் எங்கடி?” என்று அதட்டினேன்.